தையல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கணும், உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம். பள்ளியில் தையலும் துணி பற்றிய பாடமும் எடுக்கப் போகும் 12 ஆசிரியர்களுக்கு 5 நாள் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பாதிப் பேர் நன்றாகத் தைப்பார்கள், ஆனால் 30 பிள்ளைகளையும் 6 மிஷின்களையும் வைத்துக்கொண்டு வகுப்பை எப்படி நடத்துவது என்று தெரியாது. மீதிப் பேர் நேர்மாறு.

முதல் நாளே மிஷினில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. துணியைக் கையில் கொடுத்து, பாவு (நீளவாட்டில் ஓடும் இழை) எது, ஊடை (குறுக்கே ஓடும் இழை) எது, மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் ஏன் நீள்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். அப்புறம் இழையை எரித்துக் காட்டுவது: பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும் (வகுப்பில் இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், பிள்ளைகள் அல்ல).

பெரிய கவலை மிஷின் கோளாறுதான். துணிக்கு அடியில் நூல் சிக்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மேல்நூல். துணியை அழுத்தும் பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராது. வேண்டுமென்றே தப்பாகக் கோத்த மிஷினைக் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்க வைக்கலாமா?

இப்படிப் பயிற்சி நடத்தியவர்கள் சொல்லுங்கள், மிஷினுக்கு எத்தனை நாள் ஒதுக்கினீர்கள்? தங்கள் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கைத்தையல் தவிர வேறு என்ன வேலை கொடுக்கலாம்?