வேலை மேசை எவ்வளவு உயரம்? உங்கள் கைக்கு எது ஒத்துவந்தது?

மரவேலைக்கு மேசை செய்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டை மடக்கி உள்ளங்கையைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். உள்ளங்கை நிற்கிற மட்டம்தான் மேசையின் மேல்மட்டம். எனக்கு 82 செ.மீ. வந்தது.

கால்களை அறுக்கும் முன் சோதித்துவிடலாமே என்று, ஆட்டமில்லாத ஒரு பழைய மேசைமேல் ப்ளைவுட் துண்டுகளை அடுக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தேன். மரத்தைச் சீவும் இழைப்புளியைத் தள்ளினால் உடம்பின் பாரம் தானாக அதன்மேல் இறங்கியது. தொடையும் இடுப்பும் தள்ள, கை வழிகாட்டினால் போதும். மேலே இன்னும் கொஞ்சம் ப்ளைவுட் போட்டு 90 ஆக்கியதும் முழு வேலையும் தோளுக்குப் போய்விட்டது. சீவல் பாதியிலேயே அறுந்து நின்றது.

ஆனால் மூட்டு வெட்ட அதே 82 உதவவில்லை. பென்சில் கோட்டைப் பார்த்து ரம்பம் பிடிக்கக் குனிந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதனால் மேசையை 82-லேயே விட்டு, மேலே கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொள்ள 15 செ.மீ. உயரத்தில் ஒரு குட்டி மேசை செய்தேன். நுணுக்க வேலையெல்லாம் இப்போது அதில்தான். எல்லா வேலைக்கும் ஒரே உயரம் என்று தேடுவது வீண் என்பது என் எண்ணம்.

———

நமக்கு மரம் இல்லை, இரும்பு. அரம் போடுபவர்கள் மேசையை அளப்பதைவிட, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் வாயை அளப்பது நல்லது. வாய் முழங்கை மட்டத்தில் இருந்தால் முன்கை தரைக்கு இணையாக ஓடும். அரம் ஏறி இறங்காது. என் முழங்கை 105, வைஸின் உயரம் 18. கழித்தால் மேசை 87. வைஸை வாங்கி வைத்துவிட்டு மேசையைத் தொடங்குங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

———

மேலே இரும்புக்காரர் சொன்னது மரத்துக்கும் பொருந்தும். கை நிற்பது மேசைமேல் இல்லை, கருவிமேல். மர இழைப்புளியில் கைப்பிடி அடிப்பகுதியிலிருந்து நன்றாக உயர்ந்து இருக்கும். இரும்பு இழைப்புளியில் கை தாழ்ந்து இருக்கும். மர இழைப்புளி வைத்திருப்பவர் மேசையைச் சில செ.மீ. குறைத்துக்கொள்ளலாம். இழைக்கிற பலகையின் கனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அளக்காதீர்கள். வேலை செய்யும்போது போடுவதையே போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். காலுக்கடியில் ரப்பர் விரிப்பு போடுபவர் என்றால் அதன்மேல் நின்று.

அலமாரி, பெட்டி பொருத்துவதுதான் முக்கிய வேலை என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். 60, 65 செ.மீ.யில் தாழ்வான மேசை வையுங்கள். இல்லாவிட்டால் மேல் திருகை முடுக்க ஏணி தேடுவீர்கள்.

———

அப்புறம் ஒன்று, இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு. கால்களை 4 செ.மீ. கூடுதலாகவே விட்டுக் கொஞ்ச நாள் வேலை செய்து பாருங்கள். அறுக்க எப்போதும் முடியும், ஒட்டுவதுதான் தொல்லை. அறுக்கும் நாளில் மேசைக்கடியில் ஆப்பு செருகி மேல்மட்டத்தை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். பிறகு ஒரே கனமுள்ள கட்டையைத் தரையில் வைத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் மேசை ஆடாது. ஆனால் இடம் மாற்றினால் ஆடும்.