நார்னியா லூயிஸின் தன்வரலாறு: இது முதல் பதிப்பா?

கேள்வி: 'நார்னியா' சிறுவர் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸின் தன்வரலாறு 'சர்ப்ரைஸ்ட் பை ஜாய்' பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. நியூயார்க், ஹார்கோர்ட் பிரேஸ், 1956. மேலுறையின் முதுகு வெளுத்திருக்கிறது. முதல் பதிப்பு என்று நம்பி வாங்கலாமா?

பதில்: மறு அச்சு இல்லையென்றால் அது அமெரிக்க முதல் பதிப்பு. ஆனால் முதலில் வந்தது 1955இல் லண்டனில் ஜெஃப்ரி பிளெஸ் வெளியிட்டது, சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான். மறு அச்சா என்று தெரிய, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் உள்ள பதிப்பு விவரத்தைப் பாருங்கள்.

பதில்: மேலுறை வெளுத்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மதிப்பில் பெரும்பங்கு அதில்தான். உள்மடிப்பில் விலை இருந்த மூலையை வெட்டியிருக்கிறார்களா? வெட்டியிருந்தால் மதிப்பு குறையும். அப்புறம் சமர்ப்பணப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பீட் கிரிஃபித்ஸ் பெயர் இருக்கும். லூயிஸின் நண்பரான ஆங்கிலேயத் துறவி, பின்னாளில் நம் குளித்தலை பக்கம் சாந்திவனம் ஆசிரமத்தில் வாழ்ந்தவர். எனக்கு அந்தப் பக்கத்துக்காகவே இந்தப் புத்தகம் வேண்டும்.

கேட்டவர்: மூலை வெட்டவில்லை, அந்தப் பெயரும் இருக்கிறது. சரி, நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.