உதவி: ஆக்சஸ் ரன்டைமில் ஒரு கட்டம்கூடச் சேர்க்க முடியவில்லை, அறிக்கை கேட்டால் செயலியே மூடிக்கொள்கிறது

பாலைமரம்:
வணக்கம். பரந்தனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கொள்வனவைப் பதிய ஊர்த் தம்பி ஒருவர் ஆக்சஸில் (மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருள்) செயலி செய்து தந்தார். இப்போது அவர் கனடாவில்.

ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் எடையில் கழிக்கிறோம். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை, கொப்பியில்தான் எழுதுகிறேன். கட்டம் சேர்க்கலாம் என்றால் வடிவமைப்புக் காட்சி வருவதில்லை, அட்டவணைகளின் பட்டியலும் தெரிவதில்லை. மறைத்தவை தெரியுமோ என்று ஷிப்ட் விசையை அழுத்தியபடி திறந்தும் பார்த்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய தலையிடி: காலபோக அறுவடை தொடங்கியதிலிருந்து நாளறிக்கைப் பொத்தானை அழுத்தினால் ஒரு செய்தி வந்து முழுச் செயலியும் மூடிக்கொள்கிறது. எல்லா நாளும் அல்ல. வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கின்றன, நான் கணினியை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

கனகராயன்:
உங்கள் கணினியில் இருப்பது முழு ஆக்சஸ் அல்ல, ரன்டைம். மைக்ரோசொப்ட் இலவசமாகத் தருவது. செய்து முடித்த செயலியை ஓட்டலாம், தரவு பதியலாம், அச்சிடலாம். எதையும் வடிவமைக்க முடியாது. ஷிப்ட் விசையும் அதில் வேலை செய்யாது. பழுது என்று நினைத்து மீண்டும் நிறுவி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூடிக்கொள்வதற்கும் அதுவே பாதிக் காரணம். நிரலில் பிழை வந்தால் முழு ஆக்சஸ் பிழை எண்ணைக் காட்டி, நிறுத்தவா, திருத்தவா என்று கேட்கும். ரன்டைமில், பிழையைப் பிடிக்கும் வரிகளை எழுதியவர் சேர்க்காவிட்டால், செயலியே படுத்துவிடும். அந்தத் தம்பி தன் முழு ஆக்சஸில் மட்டும் சோதித்திருப்பார். கோப்புப் பெயரின் வாலை (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) ஏ.சி.சி.டி.ஆர் என்று மாற்றித் திறந்திருந்தால் ரன்டைமில் எப்படி நடக்கும் என்று அங்கேயே பார்த்திருக்கலாம்.

அறிக்கை விழும் நாட்களின் பதிவுகளில் என்ன வித்தியாசம்?

வற்றாப்பளை:
பதிவுகள் கூடிவிட்டனவோ? ரன்டைமில் வரிகளுக்கு எல்லை உண்டு என்று கேள்வி.

கனகராயன்:
அப்படி எல்லை இல்லை. ஒரு கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது, அது முழு ஆக்சஸுக்கும் பொதுவானது. நெல் கணக்கு அவ்வளவு போகாது.

பாலைமரம்:
அண்ணா, பிடிபட்டது! முன்பெல்லாம் நெல் மூடைகளில் வரும். இம்முறை சிலர் அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே உழவு இயந்திரப் பெட்டியில் கொட்டிக் கொண்டுவருகிறார்கள். அப்போது மூடை எண்ணிக்கையில் 0 போட்டேன். அந்த நாட்களில்தான் அறிக்கை விழுகிறது. அறிக்கையில் சராசரி மூடை எடை என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது.

கனகராயன்:
எடையைப் பூச்சியத்தால் வகுக்கப் பார்த்திருக்கிறது. வெறுமையாக விட்டாலும் வேறு பிழை வரலாம். இப்போதைக்கு 1 போட்டு, குறிப்பில் "உதிரி" என்று எழுதுங்கள். அந்தச் சராசரியை மட்டும் நம்பாதீர்கள்.

கட்டம் சேர்க்க முழு ஆக்சஸ் உள்ள கணினி வேண்டும். முதலில் கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு அதன் வாலைப் பாருங்கள். ஏ.சி.சி.டி.பி என்றால் அங்கே திறந்து திருத்தலாம்.

ஒட்டுசுட்டான்:
ஏ.சி.சி.டி.இ என்றால் முழு ஆக்சஸ் வாங்கியும் படிவம், அறிக்கை, நிரல் எதையும் தொட முடியாது. காசைக் கொட்ட முதல் பாருங்கள். அட்டவணைகளை மட்டும் புதிய கோப்பில் இறக்குமதி செய்யலாம், தரவு தப்பும்.

பாலைமரம்:
வால் ஏ.சி.சி.டி.இ. கனடாவுக்கு வாட்ஸ்அப் போட்டேன். மூலக் கோப்பு பழைய மடிக்கணினியில் இருக்கிறதாம், மடிக்கணினி தருமபுரத்தில் அவருடைய அம்மாவின் வீட்டு அலுமாரியில். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். 1 போட்டதில் இன்றைய அறிக்கை அச்சாகிவிட்டது.