பி2 இங்கிலீஷ் ப்ராக்டிஸ்: யாராச்சும் வழி சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட்னு நடுத்தரத்துக்கு மேல இருக்கற லெவல் இங்கிலீஷ் எக்ஸாமுக்கு படிச்சிட்டு இருக்கேன். லிசனிங், ஸ்பீக்கிங் எல்லாம் ஓரளவு பரவால்ல, கிராமரையும் வார்த்தைகளையும் சோதிக்கிற யூஸ் ஆஃப் இங்கிலீஷ் பகுதிதான் ரொம்ப படுத்துது.

அதுலயும் அந்த கீ வேர்ட் டிரான்ஸ்ஃபர்மேஷன் இருக்கே, குடுத்த வார்த்தைய மாத்தாம ரெண்டுல இருந்து அஞ்சு வார்த்தைக்குள்ள முதல் வாக்கியத்தோட அதே அர்த்தம் வர்ற மாதிரி எழுதணும். உதாரணத்துக்கு 'ஐ ரிக்ரெட் நாட் கோயிங்'னு இருக்கும், 'விஷ்' குடுத்திருப்பாங்க, 'ஐ விஷ் ஐ ஹேட் கான்'னு எழுதணும். ரூல் நல்லாவே தெரியுது, ஆனா ரீடிங்கும் சேர்த்து மொத்தமே 75 நிமிஷம், 52 கேள்வி, அந்த அவசரத்துல டக்குனு கைக்கு வரமாட்டேங்குது.

ஃப்ரேசல் வெர்ப் வேற, அதான் வெர்ப்போட ஆஃப், அவுட் மாதிரி சின்ன வார்த்தை சேர்ந்து அர்த்தமே மாறுறது. புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித்னு ஒண்ணோட ஒண்ணு குழம்புது. லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றது வேஸ்ட்னுதான் நான் நினைக்கிறேன், முழு வாக்கியமா எழுதி வச்சாதான் மனசுல நிக்குது. இடியமும் (மரபுத்தொடர்) குழப்பம்தான், 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' (எப்பவாச்சும் அபூர்வமா) ஃப்ரெண்டுக்கு எழுதுற மெயில்ல அழகா இருக்கும், எஸ்ஸேல போட்டா ஒட்டவே ஒட்டாது, இத எப்படி பிரிச்சு பழகுறது?

இந்த எக்ஸாம் எழுதினவங்க, இல்ல சொல்லித் தர்றவங்க யாராச்சும் இருந்தா தினமும் எப்படி ப்ராக்டிஸ் பண்ணீங்கன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க. விடை மட்டும் இல்லாம ஏன் அந்த விடைன்னு விளக்கமும் இருக்கற பயிற்சி எங்க கிடைக்கும்? இதே லெவல்ல யாராச்சும் படிச்சிட்டு இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்து எழுதி ஒருத்தர் விடைய ஒருத்தர் திருத்தலாம், நான் ரெடி.