புதுப்பிப்பு: காற்றுச் சிலிண்டரோட மாடி ஏற மூச்சு முட்டுது (மட்டக்களப்பு, தீயணைப்பு வேலை)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. நான் முதல்ல கேட்டது இதுதான்: வயது நாற்பது தாண்டிட்டு, தீயணைப்பு உடுப்பும் சிலிண்டருமா மூன்றாம் மாடி போறதுக்குள்ள இளைக்குது, என்ன பயிற்சி செய்யலாம்?

"ஓடுறதுக்கு முதல் ஈசிஜி, பிரஷர் பாருங்க" எண்டு ஒரு அக்கா எழுதியிருந்தா. அதைத்தான் முதல்ல செய்தன். படுக்க வச்சு எடுத்த ஈசிஜி சரி, டிரெட்மில்ல நடக்க வச்சு எடுத்ததும் சரி. எதிர்பாராதது பிரஷர்: மேல் அளவு 150ஐத் தாண்டி நிண்டது. தலையிடி, தலைசுற்று ஒண்டுமே இல்ல. இப்ப குளிசை. கருவாடும் ஊறுகாயும் குறைச்சாச்சு (குளிசையை விட இதுதான் கஷ்டம்).

பயிற்சியில கைகொடுத்தது கல்லடி ஊர்த் தம்பி ஒராள் பதில்ல சொன்னது: கதைச்சுக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில நீள ஓட்டம். விடியப்புறம் கடற்கரையில, ஈரமணல் இறுகிக் கிடக்கிற பக்கமா ஓடுறன். பாய்ஞ்சு ஓடி நிக்கிற பயிற்சி முழங்காலைத்தான் பதம் பார்த்தது. இப்ப மாடி ஏறலாம். சிலிண்டர்க் காத்தும் முன்னைய விட மிஞ்சுது.

டிரெட்மில் ரிப்போர்ட்டில 'மெட்ஸ்' எண்டு ஒரு எண் இருக்கும் (சும்மா இருக்கேக்க செலவாகிற சக்தியைப் போல எத்தனை மடங்குக்கு உடம்பு உழைக்குது எண்ட கணக்கு). அமெரிக்காவில தீயணைப்பாளருக்கு முந்தி 12 மெட்ஸ், அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 42 மில்லிலீட்டர் ஒட்சிசன், எண்டுதான் இலக்கு வைக்கிறவங்க. நான் இன்னும் அதுக்குக் கீழதான்.

ஒண்டு கவனம்: என்ர குளிசை பீற்றா புளொக்கர். நாடித்துடிப்பை அது அமத்தி வைக்கும். இந்தக் குளிசை எடுக்கிறவங்க கைக்கடிகாரம் காட்டுற துடிப்பை நம்பி வேகம் பிடிக்காதீங்க, டொக்டரிட்டக் கேளுங்க.