ஜிடிஏ 5 பயங்கர லாக், 2ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருந்தும்! உதவி தேவை

வைகை_07
வணக்கம். பிசி வாங்கி ஜிடிஏ 5 கேம் போட்டேன். மெனு நல்லா வருது, உள்ள போனா கார் ஓட்டவே முடியல, விட்டு விட்டு இழுக்குது. மினிமம் 1ஜிபி கார்டுன்னுதான் போட்டிருக்கு, என்கிட்ட 2ஜிபி இருக்கு. கிராபிக்ஸ் செட்டிங்ஸ்ல மேல காட்டுற வீடியோ மெமரி பார் பாதிகூட நிறையல. சீக்கிரம் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை பெரியப்பா பசங்க வர்றாங்க.

நொய்யல்
என்ன கார்டு ப்ரோ? ப்ராசசர், ரேம், மானிட்டர் ரெசல்யூஷன்?

ரேம்_ராஜா
இது ரேம் பிரச்சினைதான், சந்தேகமே வேணாம். ஒத்த ஸ்டிக் போட்டிருப்பாங்க. இன்னொண்ணு வாங்கி ஜோடியா போடுங்க.

செல்வி
மானிட்டர் கேபிள் கார்டுல சொருகியிருக்கா, மதர்போர்டுலயா? கேம் பழைய லெகசியா, 2025ல வந்த என்ஹான்ஸ்டா? என்ஹான்ஸ்டுக்கு 4ஜிபி கார்டு வேணும்.

சிலிகான்_சித்தர்
முதல்ல ஒட்டி வெச்சிருக்கிற பதிவைப் படிச்சுட்டு இழை ஆரம்பிங்கன்னு எத்தனை தடவை சொல்றது? டாக்டர்கிட்ட போய் "முடியல"ன்னு மட்டும் சொன்னா அவர் எதுக்கு மருந்து எழுதுவார்?

வைகை_07
என்விடியா 2ஜிபி. ஐ5. ரேம் 8ஜிபி. விண்டோஸ் 10. லெகசிதான். கேபிள் கார்டுல இருக்கு.

சிலிகான்_சித்தர்
என்விடியா கம்பெனி பேரு தம்பி, கார்டு பேரு இல்ல. ஐ5 2009லேர்ந்து வந்துட்டிருக்கு. கார்டு விவரம் காட்டுற ஜிபியூ-இஸட் சாஃப்ட்வேரை இறக்கி, அதுல வர்றதை அப்படியே இங்க எழுதுங்க.

குமரி_அலை
சார் கோபப்படாதீங்க, புதுசா வந்திருக்கார். வைகை, புது டிரைவர் போட்டுப் பாருங்க. எனக்கு அதுலதான் சரியாச்சு.

வைகை_07
ஜிபியூ-இஸட்ல பார்த்தேன். ஜிடி 710. மெமரி டைப் டிடிஆர்3, பஸ் 64 பிட், பேண்ட்விட்த் 14.4 ஜிபி. ப்ராசசர் ஐ5 3470. ஆபீஸ்ல ஓடின ஸ்லிம் பிசி, ரீஃபர்பிஷ்டு. கடையில கேமிங் பிசின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. மானிட்டர் 1920x1080.

செல்வி
பிரச்சினை இங்கதான் இருக்கு. ஜிடிஏ 5க்கு மினிமம்னு போட்டிருக்கிறது வெறும் "1ஜிபி கார்டு" இல்ல, "9800 ஜிடி 1ஜிபி". அது 2008ல வந்த கார்டு. ஆனா 256 பிட் பஸ் (மெமரிக்குப் போற பாதையோட அகலம்), விநாடிக்கு 57.6 ஜிபி அள்ளிக் குடுக்கும். உங்க 710 குடுக்கிறது 14.4, அதாவது நாலுல ஒரு பங்கு. 2ஜிபிங்கிறது சாமான் வைக்கிற இடம் மட்டும்தான். அதை எடுத்துக் குடுக்கிற வேகமும், கணக்கு போடுற கோர்களும் வேற. 710ல கோர் 192தான். பார் பாதிகூட நிறையாததுக்குக் காரணம் புரியுதா? இடம் காலியாத்தான் இருக்கு, வேலை செய்ய ஆள் பத்தல.

பேரைக் கேட்டு மட்டும் கார்டு வாங்காதீங்க. ஜிடி 730ல மூணு ரகம் இருக்கு, மூணுக்கும் ஒரே பேரு. அட்டைப்பெட்டியில ஜிபியைத்தான் பெருசா அடிப்பாங்க, மெமரி மெதுவான டிடிஆர்3யா, வேகமான ஜிடிடிஆர்5ஆங்கிறதை மூலையில பொடி எழுத்துல போடுவாங்க.

குமரி அண்ணா, 710 என்விடியாவோட பழைய கெப்ளர் தலைமுறை. 470 டிரைவர் வரிசையோட அதுக்குப் புது கேம் டிரைவர் நின்னுபோச்சு. அதையே போட்டிருந்தா இனி டிரைவர்ல எதுவும் கிடைக்காது.

ரேம்_ராஜா
இருந்தாலும் 16ஜிபி ஆக்கினா வித்தியாசம் தெரியும்.

நொய்யல்
ஆன்போர்டு கிராபிக்ஸ்ல ஓடினா ரெண்டு ஸ்டிக் போட்டா நல்லாவே தெரியும், அது சிஸ்டம் ரேமைத்தான் எடுத்துக்கும். இவர்கிட்ட தனி கார்டு. காசு வீணாப்போகும் ராஜா.

மைனர்_மணி
பழைய ஆர்எக்ஸ் 580 8ஜிபி கார்டு ஒண்ணு எடுத்துப் போடுங்க, விஷயம் முடிஞ்சுது. ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சா கிடைக்கும்.

சிலிகான்_சித்தர்
அதுல பாதி கிரிப்டோ காசு எடுக்கிற மைனிங்ல வெந்துபோன கார்டு. 2022 செப்டம்பர்ல எத்தேரியம் மைனிங்கை நிறுத்தினதும் எல்லாரும் கழுவித் துடைச்சு வித்தாங்க. விவரம் தெரியாத பையன் தலையில அதைக் கட்டாதீங்க.

மைனர்_மணி
சார், மைனிங் பண்றவன் கரன்ட் பில்லுக்குப் பயந்து வோல்டேஜைக் குறைச்சுத்தான் ஓட்டுவான். ஒரே சூட்டுல நின்னு ஓடுற கார்டு, தினம் சூடாகி ஆறுற கேமிங் கார்டைவிட நல்லாவே இருக்கும். ஃபேன் தேயும், மாத்திக்கலாம்.

சிலிகான்_சித்தர்
மெமரி சிப் ராத்திரி பகலா வேகுறது கணக்குல வராதா? ஃபேனை மாத்தலாம், அதை யார் மாத்துவாங்க?

மைனர்_மணி
நான் அப்படி வாங்கின கார்டுலதான் இன்னைக்கும் ஆடுறேன். நீங்க ஒண்ணாவது கையில வாங்கிப் பார்த்திருக்கீங்களா?

செல்வி
ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்கோங்க. 580 குடிக்கிறது 185 வாட். அவர்கிட்ட இருக்கிறது ஸ்லிம் டப்பா, அந்த பவர் சப்ளை தாங்காது, கார்டு உள்ளேயே நுழையாது.

வைகை, கைக்காசு போடாம முதல்ல இதைச் செய்ங்க. ரெசல்யூஷன் 1280x720, ஃபுல்ஸ்கிரீன். எம்எஸ்ஏஏ ஆஃப், விசிங்க் ஆஃப், டெசலேஷன் ஆஃப். ஷேடோ, ரிஃப்ளெக்‌ஷன், போஸ்ட் எஃப்எக்ஸ், ஷேடர் எல்லாம் நார்மல். ஜிடிஏல நார்மல்தான் அடிமட்டம், "லோ"ன்னு தேடாதீங்க. கிராஸ் கண்டிப்பா நார்மல், ஊருக்கு வெளிய புல்வெளியில கார்டைச் சாகடிக்கிறது அதுதான். அட்வான்ஸ்டு பக்கத்துல எல்லாத்தையும் அணைங்க. அப்பவும் இழுத்தா அங்கயே ஃப்ரேம் ஸ்கேலிங்கைக் குறைங்க, படம் கொஞ்சம் மங்கும்.

ப்ராசசர் இந்த கேமுக்குப் போதும். அப்புறம் காசு சேர்ந்தா 750 டிஐ (60 வாட்) இல்லைன்னா 1050 டிஐ (75 வாட்), லோ ப்ரொஃபைல் (உயரம் குறைஞ்ச) மாடலா பாருங்க. தனி பவர் ஒயர் கேட்காத கார்டுதான் வேணும்.

நொய்யல்
750 டிஐயும் 2ஜிபிதான், ஆனா 640 கோர், 86.4 ஜிபி பேண்ட்விட்த். உங்க கார்டுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

குமரி_அலை
வைகை, என்னாச்சு? ஓடுதா?

வைகை_07
720ல ஓடுது அண்ணா. சிட்டிக்குள்ள நல்லா இருக்கு, மலைப்பக்கம் போனா லேசா இழுக்குது. 750 டிஐ ஒருத்தர்கிட்ட இருக்கு, ஸ்லிம்முக்கு வருமான்னு அவருக்கும் தெரியல. நன்றி.

செல்வி
கார்டோட உயரத்தையும், கூடவே குட்டைப் பிராக்கெட் (கார்டைக் கேபினெட்ல திருகுற தகடு) இருக்கான்னும் போட்டோ அனுப்பச் சொல்லுங்க. கார்டு சின்னதா இருந்தாலும் நெட்டைப் பிராக்கெட் மாட்டியிருந்தா உங்க கேபினெட்ல உட்காராது. குட்டையைத் தனியா தேடி வாங்கறது பெரிய அலைச்சல்.