முழங்காலுக்குப் பின்னால் துடிக்கும் வீக்கம்: ரத்தநாள அறுவை நிபுணர்களின் கருத்து தேவை

நோயாளிக்கு வயது 17. தொடை எலும்பின் கீழ்முனையில், பின்பக்கமாக ஆஸ்டியோகாண்ட்ரோமா (குருத்தெலும்பு மூடிய, புற்றுநோயல்லாத எலும்புக் கட்டி). குருத்தெலும்புத் தொப்பி 4 மி.மீ. மட்டுமே, ஆக புற்றுநோய்ச் சந்தேகம் குறைவு. சிக்கல் வேறு: கட்டியின் கூர்முனை உரசி, பாப்ளிட்டியல் தமனியில் (முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி) போலி அனியூரிசம், அதாவது தமனிச் சுவர் ஓட்டையாகி வெளியே கசிந்த ரத்தம் பைபோல் தேங்கியிருக்கிறது. சி.டி. ஆஞ்சியோவில் (ரத்தநாளங்களைக் காட்டும் ஸ்கேன்) 3 செ.மீ. பை, பாதத் துடிப்பு நன்றாக இருக்கிறது. (இத்தகைய வீக்கத்தைச் சதைக்கட்டி என்று எண்ணி பயாப்ஸி ஊசி குத்தினால் ரத்தம் கொட்டும். தயவுசெய்து முதலில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) பாருங்கள்.)

தமனிக்குள் ஸ்டென்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் குழாய்) வைத்தால், மடங்கும் மூட்டில் அது நசுங்கலாம், உரசும் எலும்பும் அப்படியே இருக்கும். அதனால் திறந்த அறுவை செய்து கட்டியையும் அகற்றுவதாக முடிவு.

தமனி ஓட்டை சுமார் 5 மி.மீ. சஃபீனஸ் சிரையால் (காலின் தோலுக்கடியில் ஓடும் சிரை) ஒட்டுப்போட்டால் போதுமா, பழுதான பகுதியை வெட்டிவிட்டுச் சிரைத்துண்டை இணைப்பதா? குப்புறப் படுக்கவைத்துச் செய்தவர்கள் சிரையை எங்கிருந்து எடுத்தீர்கள்? பிறகு ஆஸ்பிரின் எத்தனை மாதம்?